வெங்காயத்தின் சத்தும் தாவர வேதிப்பொருள்களும்: தேர்ந்தெடுப்பது முதல் தட்டுக்கு வருவது வரை முழுமையான வழிகாட்டி

“உரிக்க உரிக்க ஒன்றுமில்லை” என்று வெங்காயத்தைச் சொல்வது வழக்கம். பொருளற்ற பேச்சையும் ‘வெங்காயம்’ என்ற ஒரு சொல்லிலேயே தள்ளிவிடுகிறோம். ஊட்டச்சத்து அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கும் ஏறக்குறைய இதே எண்ணம்தான் எழும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி நீர், மிச்சத்தில் கொஞ்சம் சர்க்கரை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வைட்டமின்கள். ஆனால் வெங்காயத்தைப் பற்றிச் சொல்லத்தக்க மூன்று பொருள்கள் அந்த அட்டவணையில் இடம்பெறுவதே இல்லை. அவற்றில் ஒன்று, நாம் உரித்து எறியும் தோலை ஒட்டியே குவிந்திருக்கிறது. இன்னொன்று, கத்தி படும்வரை வெங்காயத்துக்குள் உருவாவதே இல்லை. மூன்றாவதை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. ஆகவே வெங்காயத்தின் சத்தைப் பற்றிப் பேசும்போது, அதை எப்படி உரிக்கிறோம், எப்படி அரிகிறோம், எவ்வாறு சூடாக்குகிறோம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வேலைகளின் வரிசையிலேயே செல்கிறது.

படி 1: அட்டவணையில் உள்ள எண்களைச் சரியாக வாசித்தல்

அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளின்படி, சமைக்காத வெங்காயம் 100 கிராமில் சுமார் 89 கிராம் நீர் உள்ளது. அது தரும் ஆற்றல் 40 கிலோகலோரி. கார்போஹைட்ரேட் 9.3 கிராம், அதில் சர்க்கரைகள் 4.2 கிராம், நார்ச்சத்து 1.7 கிராம். புரதம் 1.1 கிராம், கொழுப்பு 0.1 கிராம். பொட்டாசியம் 146 மில்லிகிராம், கால்சியம் 23 மில்லிகிராம், வைட்டமின் சி 7.4 மில்லிகிராம், வைட்டமின் பி6 0.12 மில்லிகிராம், ஃபோலேட் 19 மைக்ரோகிராம். ஒரு நடுத்தர வெங்காயம் ஏறத்தாழ 110 கிராம் இருக்கும் என்பதால், இந்த எண்களை ‘ஒரு வெங்காயத்துக்கு’ என்றே தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

வெங்காயத்தில் வைட்டமின் சி நிறைந்திருப்பதாகச் சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. முழு வெங்காயம் ஒன்றைப் பச்சையாகத் தின்றாலும், வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் கிடைக்கும். வதக்கிவிட்டால் அதுவும் குறையும். வைட்டமின்களுக்காக வெங்காயத்தை நாட வேண்டியதில்லை.

எண்களில் வேறொன்றைக் கவனியுங்கள். 9.3 கிராம் கார்போஹைட்ரேட்டிலிருந்து சர்க்கரையையும் நார்ச்சத்தையும் கழித்தால் சுமார் மூன்றரை கிராம் மிஞ்சுகிறது. உருளைக்கிழங்காக இருந்தால் அந்த மிச்சம் மாவுப்பொருள் என்று சொல்லிவிடலாம். வெங்காயமோ தன் சேமிப்பை மாவுப்பொருளாக வைத்துக்கொள்வதில்லை. ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த ஃப்ரக்டான் என்னும் பொருளாகவே வைத்துக்கொள்கிறது. நார்ச்சத்தை அளக்கும் பழைய ஆய்வக முறைகள் குட்டையான ஃப்ரக்டான் சங்கிலிகளைப் பிடிக்கத் தவறுவதால், அட்டவணையில் காணும் நார்ச்சத்து அளவு உண்மையை விடக் குறைவாகவே அமைகிறது. கணக்கில் விடுபட்ட அந்த மூன்றரை கிராமில் பெரும்பகுதி, குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கான உணவு.

படி 2: ஒரு வெங்காயத்தைப் பிரித்துப் பார்த்தல்

சமைப்பதற்கு முன் ஒரு சிவப்பு வெங்காயத்தை எடுத்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடியில் வேர்கள் முளைத்திருக்கும் தட்டையான பகுதிதான் தண்டு. அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் தடித்த அடுக்குகள் அனைத்தும் இலைகளின் அடிப்பகுதிகள். வெளியில் உள்ள சருகுகள் காய்ந்துபோன இலையடிகள். ஆக, வெங்காயம் கிழங்குமல்ல, காயுமல்ல. உணவைச் சேமித்துப் பருத்துப்போன இலைக்கொத்து. வெளி அடுக்குகள் முதலில் தோன்றியவை, உள்ளே செல்லச் செல்ல இளையவை. இந்த ஒரு செய்தி பின்னால் உரிக்கும்போது பயன்படும்.

இப்போது ஓர் அடுக்கை எடுத்து, அதன் வெளிப்புறத்தில் நகத்தால் மெல்லக் கீறி இழுங்கள். கண்ணாடித் தாள் போன்ற ஊதா நிறப் படலம் ஒன்று தனியாக உரிந்து வரும். அதற்கு அடியில் உள்ள சதை வெள்ளையாகவே இருக்கும். சிவப்பு வெங்காயத்தின் நிறம் முழுவதும் ஒரேயொரு செல் தடிமன் கொண்ட இந்தப் புறத்தோலில்தான் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த வெங்காயத் தோல் இதுவேதான். அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி.

உரித்த படலத்தைச் சிறு துண்டுகளாக்கி இரண்டு கிண்ணங்களில் போடுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு நசுக்கினால் நிறம் பளிச்சென்ற இளஞ்சிவப்பாகும். மற்றொன்றில் சமையல் சோடா கரைத்த நீரை விட்டு நசுக்கினால் அது மங்கி, நீலமும் பச்சையும் கலந்த நிறத்துக்குப் போகும். ஆந்தோசயனின் அமிலத்தில் நிலையாக நிற்கும், காரத்தன்மையில் வடிவம் மாறி விரைவில் சிதையும். வெங்காயம் சீக்கிரம் சிவக்கட்டும் என்று சோடா போடும் குறுக்குவழி எதை விலையாகக் கேட்கிறது என்பதை இந்தக் கிண்ணம் காட்டிவிடுகிறது.

படி 3: வகையைத் தேர்ந்தெடுத்தல்

வெங்காயத்தின் தாவர வேதிப்பொருள்களில் அதிகம் ஆராயப்பட்டது குவெர்செடின். இது ஃபிளேவனால் என்னும் பிரிவைச் சேர்ந்தது, மஞ்சள் நிறமுடையது. வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்துத் துணிக்குச் சாயமேற்றுபவர்களுக்குக் கிடைக்கும் பொன்னிறத்தில் இதற்குப் பெரும் பங்குண்டு. வெங்காயச் சதைக்குள் இது தனியாக இராமல் குளுக்கோஸோடு பிணைந்த இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்றில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் மற்றொன்றில் இரண்டும் சேர்ந்திருக்கும். உடலில் உறிஞ்சப்படுவதைப் பற்றிப் பேசும்போது இந்தக் குளுக்கோஸ்தான் முக்கியமாகப்போகிறது.

பழுப்புத் தோல் கொண்ட மஞ்சள் வெங்காயத்திலும் சிவப்பு வெங்காயத்திலும் குவெர்செடின் நன்றாக இருக்கிறது. 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம் என்ற அளவில் இதைக் கொள்ளலாம். வெள்ளை வெங்காயத்தில் இது மிகக் குறைவு, சில இரகங்களில் இல்லையென்றே சொல்லலாம். சிவப்பு வெங்காயத்தில் கூடுதலாக ஆந்தோசயனின் உண்டு என்றாலும், மொத்த ஃபிளேவனாய்டுகளில் (ஃபிளேவனால்களும் ஆந்தோசயனின்களும் சேர்ந்த பெரிய குடும்பம் இது) அதன் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். நிறம் கண்ணைப் பறிப்பதால் அதையே பெரிதாக எண்ணிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத குவெர்செடின்தான் அளவில் முந்தி நிற்கிறது. சின்ன வெங்காயத்தில் சதையின் அளவோடு ஒப்பிட வெளிப்பரப்பு அதிகம் என்பதால், எடைக்கு எடை பார்த்தால் அது பெரும்பாலும் முன்னணியில் இருக்கும்.

காரமில்லாத இனிப்பு வெங்காயம் உண்மையில் சர்க்கரை அதிகமுள்ள வெங்காயம் என்று நினைப்பது தவறு. கண்ணீர் வரவழைக்கும் காரமான வெங்காயத்தில் பல சமயம் அதே அளவோ கூடுதலாகவோ சர்க்கரை இருக்கும்; காரம் அதை மறைத்துவிடுகிறது. மண்ணில் கந்தகம் குறைவாக இருந்தால் வெங்காயத்திலும் கந்தகச் சேர்மங்கள் குறைந்து, உள்ளிருந்த இனிப்பு வெளியே தெரிகிறது. கந்தகச் சேர்மங்கள் வேண்டுமென்றால் காரமான வெங்காயத்தையே எடுக்க வேண்டும்.

வெங்காயத்தாள் தனிக் கணக்கு. பச்சை இலை என்பதால் அதில் வைட்டமின் சி 100 கிராமுக்குச் சுமார் 19 மில்லிகிராம், வைட்டமின் கே சுமார் 207 மைக்ரோகிராம். உருண்டை வெங்காயத்தில் வைட்டமின் கே ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை.

படி 4: வைத்திருத்தல்

அழுத்தினால் கெட்டியாக, கழுத்துப் பகுதி நன்கு காய்ந்து மூடியதாக, சருகு முழுதாகப் போர்த்தியதாக உள்ளதை எடுத்து, காற்றோட்டமும் நிழலும் உள்ள உலர்ந்த இடத்தில் பரப்பி வைக்க வேண்டும். உருளைக்கிழங்கோடு சேர்த்து ஒரே கூடையில் வைக்கக் கூடாது. உருளையிலிருந்து வரும் ஈரம் வெங்காயத்தை முளைக்கவும் அழுகவும் தூண்டும். நன்றாக வைத்த வெங்காயத்தில் குவெர்செடின் மாதக்கணக்கில் பெரிதாகக் குறைவதில்லை. ஃப்ரக்டான் அப்படியில்லை: முளைவிடத் தயாராகும்போது வெங்காயம் அந்தச் சங்கிலிகளை உடைத்துச் சர்க்கரையாக்கிச் செலவழிக்கத் தொடங்குகிறது. முளைத்த வெங்காயம் நஞ்சல்ல, தாராளமாகச் சமைக்கலாம். அதன் நடுவில் உள்ள சதை மெலிந்து பஞ்சுபோல் ஆகியிருப்பது, சேமிப்பு முளைக்குப் போய்விட்டதன் அடையாளம்.

சருகுக்கு அடியில் காணும் கரும்பொடி ஒருவகைப் பூஞ்சை. மேலடுக்கோடு நின்றிருந்தால் அந்த அடுக்கை நீக்கிக் கழுவிப் பயன்படுத்தலாம். சதை நீர்த்துப்போயோ நாற்றமடித்தோ இருந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

படி 5: உரித்தல்

மிகப் பெரிய இழப்பு நடப்பது இங்கேதான். குவெர்செடின் காய்ந்த சருகில் மிக அதிகம், முதல் சதை அடுக்கில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து நடுப்பகுதியில் சொற்பமாகிறது. ஒளி படும் முதிர்ந்த இலையடிகளில் செடி இந்தப் பொருளை அதிகமாகச் சேர்த்துவைக்கிறது. நாமோ அவசரத்தில் தலையையும் அடியையும் வெட்டிவிட்டு, சருகோடு ஒட்டி வரும் முதல் சதை அடுக்கையும் சேர்த்து இழுத்துக் குப்பையில் போடுகிறோம். பாதி காய்ந்து, தோல்போல் விறைத்திருக்கும் அந்த அடுக்கு மெல்லக் கடினமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எடையில் சிறு பகுதியான அதோடு குவெர்செடினில் கணிசமான பகுதி போய்விடுகிறது.

செய்யவேண்டியது எளிது. வேர்ப்பகுதியை வெட்டாமல் விட்டு, தலைப்பகுதியை மட்டும் மெல்லிசாகச் சீவி, வெங்காயத்தை நெடுக்காக இரண்டாக்கிக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் கத்தி நுனியைக் கொடுத்துச் சருகைத் தூக்கினால், அது சதை அடுக்கை விட்டுத் தனியாகப் பிரியும். சருகு இறுக ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால், சீவிப் பிளப்பதற்கு முன்பே முழு வெங்காயத்தைச் சில நிமிடங்கள் நீரில் ஊறவிடுங்கள். இன்னும் வெட்டாத சதை என்பதால் நீரில் சத்து கரைந்துபோகுமே என்ற கவலை இல்லை. நிறம் மாறாத சதை தொடங்கும் இடத்தில் உரிப்பதை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஓர் அடுக்கு விறைப்பாக இருந்தால், அதைப் பொடியாக அரிந்து வேகும் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

சருகையே பயன்படுத்த முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நன்கு கழுவிய, பூஞ்சையில்லாத சருகைச் சூப்புக்கான நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி எடுத்துவிடலாம். நீர் பொன்னிறமாகும். எவ்வளவு குவெர்செடின் அதில் இறங்கும் என்பது சருகுக்குச் சருகு மாறும். தனிக் குவெர்செடின் நீரில் எளிதில் கரைவதில்லை என்பதால் பெரிய எதிர்பார்ப்பும் வேண்டாம்.

படி 6: அரிதல்

முழு வெங்காயத்தை மோந்து பார்த்தால் ஏறக்குறைய மணமே இருக்காது. கத்தி இறங்கிய சில நொடிகளில் கண் எரிகிறது. அந்த நொடிகளில் நடப்பது இதுதான். வெங்காயச் செல்லின் சைட்டோபிளாசத்தில் ஐசோஅல்லின் முதலான கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. இவற்றுக்கு மணமும் இல்லை, காரமும் இல்லை. அதே செல்லின் நுண்குமிழிக்குள் அல்லினேஸ் என்னும் நொதி அடைபட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மிக மெல்லிய ஒரு சவ்வு மட்டுமே. கத்தி அந்தச் சவ்வைக் கிழித்ததும் நொதியும் சேர்மமும் கலந்து, நிலையற்ற சல்ஃபீனிக் அமிலம் உண்டாகிறது. உடன் பைருவிக் அமிலமும் அம்மோனியாவும் வெளிப்படுகின்றன. வெங்காயத்தின் காரத்தை ஆய்வகத்தில் அளப்பவர்கள் அளப்பது இந்தப் பைருவிக் அமிலத்தைத்தான்; 1961 முதல் இந்த முறை வழக்கில் இருக்கிறது.

ஐசோஅல்லினை வெங்காயத்திலிருந்து பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர், 1945 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபின்லாந்து அறிஞர் ஆர்த்தூரி வீர்த்தானென். கண்ணீர் வரவழைக்கும் வாயு அல்லினேஸின் வேலையால் தானாகவே உருவாகிறது என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். 2002 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அதற்கென்றே தனியாக இரண்டாவது நொதி ஒன்று இருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்த நொதி சல்ஃபீனிக் அமிலத்தைப் பிடித்து, புரொப்பேன்தயால் எஸ்-ஆக்சைடு என்னும் ஆவியாகும் பொருளாக மாற்றுகிறது. அது கண்ணின் நரம்பு முனைகளைத் தொட, கண் நீரை வார்த்து அதைக் கழுவப் பார்க்கிறது. சிரிக்கவைத்துச் சிந்திக்கத் தூண்டும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2013 இல் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது. நொதியின் பிடியில் சிக்காத சல்ஃபீனிக் அமிலம் தமக்குள் இணைந்து தயோசல்ஃபினேட்டுகளாகிறது. பச்சை வெங்காயத்தின் சுறுசுறுவென்ற சுவைக்கும், ஆய்வகத்தில் அது காட்டும் நுண்ணுயிர் எதிர்ப்புக்கும் இவையே முக்கியக் காரணம்.

இதிலிருந்து செய்முறைக்கு வருவோம். எவ்வளவு செல்கள் உடைகின்றனவோ அவ்வளவு வேதிவினை நடக்கும். கூர்மையான கத்தியால் நெடுக்காகச் சீவினால் குறைவான செல்களே கிழியும். மழுங்கிய கத்தி அழுத்தி நசுக்குவதால் சாறு தெறித்து, கண்ணும் எரியும், பலகையும் நனையும். என் கத்தியைத் தீட்ட வேண்டுமா என்பதை நான் கண்ணைக் கொண்டே முடிவு செய்கிறேன்: மூன்றாவது வெங்காயத்துக்குள் கண் கலங்கினால் சாணைக்கல்லை எடுத்துவிடுவேன். பொடியாக அரிந்தால் கந்தகச் சேர்மங்கள் அதிகம், நீளவாக்கில் அரிந்தால் குறைவு. அரைத்தால் மிகமிக அதிகம். பச்சையாக அரைத்த விழுது சிறிது நேரத்தில் கசப்பதற்கும் இந்த வினைகளே காரணம். அதனால் விழுது தேவைப்படும்போது, வெங்காயத்தை முதலில் வதக்கி நொதியை அடக்கிவிட்டு அரைப்பது நல்லது.

‘அரிந்ததும் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு சமைக்க வேண்டும்’ என்னும் அறிவுரை பரவலாக உலவுகிறது. அது பூண்டை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. வெங்காயத்திலும் நொதிக்கு ஓரிரு நிமிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பலகையில் மற்ற காய்களை அரிந்து முடிப்பதற்குள் அந்த நேரம் தானாகவே கடந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

காரத்தைக் குறைக்க அரிந்த வெங்காயத்தை நீரில் அலசுவது, கந்தகச் சேர்மங்களோடு வைட்டமின் சியையும் ஃபிளேவனால்களில் ஒரு பகுதியையும் வடிகாலுக்கு அனுப்புவதாகும். அதைவிட எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்துப் பிசறி வைப்பது மேல்: அமிலம் நொதியின் வேகத்தைக் குறைக்கும், சிவப்பு நிறமியையும் காக்கும், கரைந்தது எதுவும் கிண்ணத்தை விட்டுப் போகாது.

மீதியான பாதி வெங்காயம் அறையில் உள்ள கிருமிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு நஞ்சாகிவிடும் என்பது கட்டுக்கதை. வெட்டிய எந்தக் காயும் வெளியில் கிடந்தால் கெடும். மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட்டால் போதும்.

படி 7: சூடாக்குதல்

கந்தகச் சேர்மங்களும் குவெர்செடினும் சூட்டை எதிர்கொள்ளும் விதம் நேர்மாறானது. அல்லினேஸ் ஒரு புரதம் என்பதால் சூட்டில் செயலிழக்கும். வெட்டாத முழு வெங்காயத்தைக் கொதிநீரில் வேகவைத்துச் சுவைத்துப் பாருங்கள்: காரமே இல்லாமல் இனிக்கும். செல்சுவர் உடைவதற்குள் நொதி இறந்துவிட்டதால் ஐசோஅல்லின் வினைபுரியாமலே நின்றுவிட்டது. மறைக்கக் காரம் இல்லாததால் 4 விழுக்காடு சர்க்கரை நாவுக்குத் தெரிகிறது. அரிந்த பிறகு வதக்கும்போது முன்பே உருவான கந்தகப் பொருள்களில் ஒரு பகுதி ஆவியாகிறது, இன்னொரு பகுதி தமக்குள் மாறி இறைச்சிச் சாற்றை நினைவூட்டும் அந்த ஆழ்ந்த மணத்தைத் தருகிறது. அது இழப்பென்று சொல்ல மாட்டேன், மாற்றம்.

குவெர்செடின் சாதாரணச் சமையல் சூட்டைத் தாங்கும். அதன் எதிரி தண்ணீர். கொதிக்கும் நீரில் அரிந்த வெங்காயத்தைப் போட்டால் குளுக்கோஸோடு பிணைந்த குவெர்செடின் கணிசமாக நீரில் இறங்கிவிடும். சிதைவதில்லை, இடம்தான் மாறுகிறது. எனவே வேகவைத்த நீர் உணவிலேயே சேருமானால் இழப்பு சொற்பம். வடித்துக் கொட்டினால் இழப்பு பெரிது. எண்ணெயில் வதக்கும்போதும், நீர் சேர்க்காமல் அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேகவைக்கும்போதும் பெரும்பகுதி நிலைத்திருக்கும். நீர் ஆவியாகிச் சுருங்குவதால், எடைக்கு எடை பார்த்தால் வதக்கிய வெங்காயத்தில் அளவு கூடியதுபோலக்கூடத் தெரியும்.

நிறத்தைப் பார்த்து நிறுத்தும் இடத்தை முடிவு செய்யலாம். கண்ணாடிபோல் ஆகும் கட்டத்தில் செல்கள் தளர்ந்து நீரை விட்டுவிட்டன, நொதி செத்துவிட்டது. பொன்னிறம் வரும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து மணமும் நிறமும் உண்டாகின்றன. அடர்பழுப்பைத் தாண்டிக் கருகத் தொடங்கினால் குவெர்செடினும் சிதைகிறது, கசப்பும் ஏறுகிறது. நான் பொன்னிறத்தில் நிறுத்திவிடுவேன். சமையல் சோடாவின் கதை இரண்டாவது படியின் கிண்ணத்தில் ஏற்கெனவே பார்த்ததுதான்.

பச்சையா, சமைத்ததா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கந்தகச் சேர்மங்களுக்கும் வைட்டமின் சிக்கும் பச்சை வெங்காயம், குவெர்செடினுக்கு இரண்டுமே. ஒரு வெங்காயத்தில் வெளி அடுக்குகளை வதக்கவும், மென்மையான உள்ளடுக்குகளைப் பச்சையாக உண்ணவும் பிரித்துக்கொண்டால் கடினமான அடுக்கைத் தூக்கி எறியவும் மனம் வராது.

படி 8: உடலுக்குள் என்ன ஆகிறது என்று அறிதல்

குவெர்செடின் பல காய்கனிகளில் இருந்தாலும் வெங்காயத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1995 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெருங்குடல் நீக்கப்பட்ட தன்னார்வலர்களுக்குக் குவெர்செடினை மூன்று வடிவங்களில் கொடுத்து, சிறுகுடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்கிட்டார்கள். வெங்காயத்தில் உள்ள குளுக்கோஸ் பிணைந்த வடிவத்தில் 52 விழுக்காடு உறிஞ்சப்பட்டது. தனிக் குவெர்செடினில் 24 விழுக்காடு. வேறு சர்க்கரைகள் பிணைந்த ருட்டின் வடிவத்தில் 17 விழுக்காடு மட்டுமே. சர்க்கரை ஒட்டியிருந்தால் உறிஞ்சப்படாது என்ற அதுவரையிலான எண்ணத்தை அது புரட்டிப்போட்டது. சிறுகுடல் சுவரில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியே குவெர்செடினிலிருந்து குளுக்கோஸைக் கழற்றிவிட்டு, அதை உள்ளே செல்ல வழிவிடுகிறது.

உள்ளே சென்றதும் குடல் சுவரும் கல்லீரலும் அதை வேறு வடிவங்களாக மாற்றிவிடுகின்றன. இரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் அந்த மாற்றுருக்களே. ஆகவே ‘குவெர்செடின் புற்றுச் செல்லைக் கொன்றது’ என்று ஆய்வகக் கண்ணாடித் தட்டில் தனிக் குவெர்செடினை ஊற்றிச் செய்த சோதனையை எடுத்துக்கொண்டு, வெங்காயம் தின்றால் அதே பலன் என்று எழுதுவது பொருந்தாது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது 1993 இல் வெளியான ஸுட்ஃபென் ஆய்வு. நெதர்லாந்தின் ஸுட்ஃபென் நகரில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களைப் பின்தொடர்ந்தபோது, உணவில் ஃபிளேவனாய்டு அதிகம் எடுத்தவர்களிடம் இதயநோய் இறப்பு குறைவாக இருந்தது. அவர்கள் பெற்ற ஃபிளேவனாய்டில் 61 விழுக்காடு தேநீரிலிருந்தும், 13 விழுக்காடு வெங்காயத்திலிருந்தும், 10 விழுக்காடு ஆப்பிளிலிருந்தும் வந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் ஆய்வு அன்று. காய்கனி அதிகம் உண்பவர்கள் வேறு பல வகைகளிலும் உடலைப் பேணுபவர்களாக இருக்கக்கூடும்.

ஃபிளேவனாய்டுகளை ஒரு காலத்தில் வைட்டமின் என்றே அழைத்தார்கள். 1936 இல் ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி அவற்றுக்கு ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்தைக் கொண்டு ‘வைட்டமின் பி’ என்று பெயரிட்டார். தமிழில் எழுதினால் அதுவும் பி, நமக்குத் தெரிந்த மற்றதும் பி என்று குழம்பியிருப்போம். நல்லவேளையாக, இல்லாவிட்டால் குறைபாட்டு நோய் வரும் என்று காட்ட முடியாததால் அந்தப் பெயர் பின்னர் கைவிடப்பட்டது.

எனக்கு இவற்றைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது 2010 இல் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் வெளியிட்ட முடிவு. தானியங்களோடும் பருப்புகளோடும் வெங்காயமோ பூண்டோ சேர்த்து, செரிமானத்தைப் போலச் செய்யும் ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அவற்றிலிருந்து உறிஞ்சக்கூடிய நிலைக்கு வரும் இரும்பு, துத்தநாகத்தின் அளவு கூடியது. தன்னிடம் இரும்பு அதிகம் இல்லாத வெங்காயம், பக்கத்தில் இருக்கும் உணவின் இரும்பை விடுவிக்க உதவுகிறது என்பது அட்டவணை ஒருபோதும் சொல்லாத செய்தி. சோதனைக் குழாயில் கண்டது என்ற வரம்பு இதற்கும் உண்டு.

ஃப்ரக்டான் சிறுகுடலைச் செரிக்காமல் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கே பிஃபிடோபாக்டீரியா உள்ளிட்ட நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச்செய்து குடலுக்கு உதவும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. கூடவே வாயுவும் உருவாகிறது.

படி 9: யாருக்கு ஒவ்வாது என்று பார்த்தல்

அந்த வாயுவே குடல் உணர்திறன் மிகுந்தவர்களுக்கு வயிற்று உப்புசமும் வலியுமாகிறது. எரிச்சலுறு குடல் நோய்க்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த, குடலில் எளிதில் நொதிக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் ஃபோட்மேப் உணவுமுறையில் வெங்காயம் முதலில் விலக்கப்படும் காய்களுள் ஒன்று. அவர்களுக்கு ஒரு வழி உண்டு: ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது, மணப்பொருள்கள் எண்ணெயில் கரையும். பெரிய துண்டுகளை எண்ணெயில் வதக்கி, துண்டுகளை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் சமைத்தால் மணம் கிடைக்கும், ஃப்ரக்டான் வராது. நீரோ குழம்போ சேர்ந்த பிறகு துண்டுகளை எடுப்பதில் பயனில்லை. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பச்சை வெங்காயம் தொல்லையை அதிகமாக்கும். வதக்கியது பலருக்கு ஒத்துப்போகும். வார்ஃபரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவர்கள் உருண்டை வெங்காயத்தில் உள்ள வைட்டமின் கே பற்றிக் கவலைப்பட வேண்டாம், வெங்காயத்தாளை மட்டும் ஒரு நாள் நிறையவும் மறுநாள் இல்லாமலும் உண்ணாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். குவெர்செடின் மாத்திரை வேறு விஷயம்: ஒரு மாத்திரையில் பொதுவாக 500 மில்லிகிராம், அதாவது ஒரு கிலோவுக்கும் அதிகமான வெங்காயத்தில் இருக்கும் அளவு. மற்ற மருந்துகளோடு வினைபுரிய வாய்ப்புள்ளதால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் வெங்காயம் அவற்றின் உணவில் எந்த வடிவிலும் சேரக் கூடாது. பச்சை, வதக்கியது, காய்ந்த பொடி எல்லாமே ஆபத்துதான். சமைப்பதால் நச்சுத்தன்மை நீங்குவதில்லை. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் அந்த விலங்குகளின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. பூனைகள் இன்னும் எளிதில் பாதிக்கப்படும். சோர்வு, வெளிறிய ஈறு, கருஞ்சிவப்புச் சிறுநீர் போன்ற அறிகுறிகள் தின்ற அன்றே தெரியாமல் சில நாள் கழித்தும் வரலாம் என்பதால், தின்றது தெரிந்த உடனேயே, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்பதைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.